பேச்சியம்மனுக்கு ரவிக்கை

"அசையாம நில்லுட்டீ. கழுத்து இன்னும் காயல."

உள்ளறையிலிருந்து வந்த அதட்டலைக் கேட்டு, முத்துச்செல்வி மகளுக்குத்தான் ஏதோ உடுத்திவிடுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரியான நான் நினைத்தேன். உள்ளே மகள் இல்லை. இடுப்பளவு உயரத்தில் பேச்சியம்மன் சிலை. மடியில் பால் குடிக்கும் பிள்ளை.

முத்துச்செல்வி தென்காசியில் கோயில் சிலைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவள். பெண் தெய்வம் வந்துவிட்டால் அறைக்குக் குறுக்கே பழைய சேலையொன்றைக் கட்டிவிடுவாள். வேலை முடியும்வரை ஆண்கள் யாரும், கணவன் மாரிராஜ் உட்பட, உள்ளே தலைகாட்டக் கூடாது. "பொம்பள உடுத்துத எடத்துல ஒங்களுக்கென்ன சோலி?" என்பாள்.

சாரல் காலத்தில் பெயிண்ட் காயாது. ஊரே குற்றாலத்துக்குக் குளிக்கப் போகையில், இவள் சாரலைத் திட்டிக்கொண்டே மகளின் ஹேர் டிரையரால் அம்மனின் தோளைக் காயவைப்பாள்.

அன்று கோயில் கமிட்டித் தலைவர் முத்துக்குமாரசாமி வந்தார். குரல் கேட்டதும் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"அம்மனுக்கு ஒரு ரவிக்கை வரைஞ்சிரு தாயி. பயலுவ போட்டோ எடுத்துக் கேலி பண்ணுதானுவ."

"பிள்ள பால் குடிக்குல்லா அண்ணாச்சி? ரவிக்கையப் போட்டா அது வாய எங்கன வைக்கும்?"

"முந்தானையவாவது இழுத்து விடேன்."

"மூச்சு முட்டும்லா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கமிட்டில முடிவு பண்ணியாச்சு. முடியாதுன்னா சொல்லு, புளியங்குடில ஆள் இருக்கு. இனி கோயில் வேல பூரா அங்கன போயிரும்."

முத்துச்செல்வியின் முகம் வெளுத்தது. அந்தக் கோயிலை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பெரிகிறது. அழுதுவிடுவாள் என்று பயந்தேன். அவளோ சேலைத் திரையை விலக்கினாள்.

"எந்த ஆம்பளையையும் உள்ள விட்டதில்ல. நீங்களே வந்து பாத்துச் சொல்லுங்க."

தயங்கித் தயங்கி உள்ளே போனார். அம்மனுக்குக் கண் இன்னும் எழுதவில்லை. பிள்ளையின் கன்னம் பாலில் உப்பியிருந்தது. அதன் குட்டிக் கை தாயின் மார்பில் பதிந்திருந்தது.  அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"செவ்வாக்கெழம வண்டி அனுப்புதேன்."

"ரவிக்கை?"

"வேண்டாம். கமிட்டில நான் பேசிக்கிடுதேன்."

அம்மனுக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கியே நடந்தார். நிலைப்படி தடுக்கியும் திரும்பவில்லை. அப்படியே தெருவில் இறங்கினார். முத்துச்செல்வி கதவைச் சாத்தினாள்.