மாலை போட்ட மருமகனுக்குக் கிறிஸ்துமஸ் சாப்பாடு

எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் கறிக்குக் கூறு சொல்வதற்கென்று ஒரு நாள் உண்டு. திருநாளுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்ததும் ஆண்கள் கோயில் வாசலில் கூடி நிற்போம். சில வீடுகள் சேர்ந்து ஒரு கிடா எடுப்போம். யாருக்கு எத்தனை கூறு என்று அன்றே சொல்லிவிட வேண்டும். பிறகு வேண்டாம் என்றால் அது அடுத்தவர் தலையில் விழும். கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கவும் முடியாது. கார்த்திகை பிறந்தால் கம்பத்தைச் சுற்றிப் பாதிப் பேர் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவார்கள். கறிக்கடைக்காரர் ஞாயிறு தவிர மற்ற நாளில் ஆடு உரிக்கவே யோசிப்பார்.

போன வருடம் அந்த ஞாயிறு நெருங்க நெருங்க எனக்கு ஒரே யோசனையாக இருந்தது. மகளுக்கு அது தலைக் கிறிஸ்துமஸ். மருமகன் கடமலைக்குண்டுக்காரர், இந்துக் குடும்பம். பிள்ளைகள் இருவரும் விரும்பினார்கள், இரண்டு வீட்டாரும் சேர்ந்து கல்யாணத்தை நடத்தினோம். ஆனால் அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டில் ஒருவேளைகூட உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. வருவார், காபி குடிப்பார், வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுவார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. கிறிஸ்துமஸுக்காவது இலை போட்டுச் சாப்பிட வைத்துவிட வேண்டும் என்று எனக்கும் மனைவிக்கும் ஆசை. அந்த நேரம் பார்த்து அவர் மாலை போட்ட சேதி வந்தது.

“எப்ப மலைக்குப் போறாகன்னு மகளுக்கே தெரியலையாம். குருசாமி சொல்ற நாள்தானாம். நீங்க ஒரு போன் போட்டுக் கேளுங்க” என்றாள் மனைவி.

“நீயே கேளேன்.”

“கறி எடுக்கவா வேண்டாமான்னு மாமியாக்காரி மருமகன்கிட்டக் கேட்டா ஊரு சிரிக்கும்.”

எனக்குப் போனில் பேச வராது. நேரிலேயே அவ்வளவாக வராது.

நான் வேலை செய்யும் திராட்சைத் தோட்டத்தில் வருடா வருடம் மாலை போடுகிறவர் ஒருவர் இருக்கிறார். அந்த மாதங்களில் தன் சாப்பாட்டுத் தூக்கை எங்கள் தூக்குகளோடு வைக்காமல் தனியாகப் பந்தல் கல்தூணில் மாட்டுவார். எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன், கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

“சாமி, மாலை போட்டவுக எங்கள மாதிரி வேதக்காரர் வீட்டுல சாப்பிடலாமா?”

அவர் கொடி கவாத்து செய்வதை நிறுத்தினார். “என்ன சாமி, எனக்கு விருந்தா?”

“மருமகனுக்கு.”

“அப்படிச் சொல்லுங்க. எருமேலியில வாவர் பள்ளிவாசல்ல கும்பிட்டுட்டுத்தான மலை ஏறுறோம். வேதக்காரர் வீடு மட்டும் ஆகாதா? அடுப்புல கறிச்சட்டி ஏறியிருக்கக் கூடாது, அம்புட்டுத்தான்.”

“எத்தன நாளா ஏறியிருக்கக் கூடாது?”

“அத எங்க குருசாமியே சொன்னதில்ல. அவுககிட்டயே கேளுங்க சாமி. எங்கிட்டக் கேட்டு எனக்கா இலை போடப் போறீக?”

எனக்குக் கேள்விகள் கூடிக்கொண்டே போயின. சட்டியைக் கழுவினால் போதுமா, புதுசு வாங்க வேண்டுமா? பக்கத்து வீட்டுக் கறி வாசம் காற்றில் வந்தால் அது விரதத்தில் சேருமா? இத்தனை காலம் இவர்களோடு ஒரே வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், இனித் தள்ள முடியாது என்று போன் போட்டேன்.

“சாமி சரணம். சொல்லுங்க சாமி.”

எப்போதும் மாமா என்று கூப்பிடுகிறவர் சாமி என்றதும், நான் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

“அங்கன மழை உண்டா மாப்பிள்ள… சாமி?”

“தூத்தல்தான் சாமி.”

பிறகு அவரே தொண்டையைச் செருமினார். “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்கச் சங்கடமா இருக்கு.”

வர முடியாது என்று சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன்.

“தலைக் கிறிஸ்துமஸுக்கு மாப்பிள்ள வீட்டுலருந்து என்ன வாங்கிட்டு வரணும் சாமி? எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியல. உங்க மகளக் கேட்டா ஒண்ணும் வேணாம்கிறா. அத நம்பி வெறுங்கையோட வர முடியுமா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு என் கேள்வியையும் கேட்டுவிட்டேன்.

“தை பிறக்கையிலதான் மலைக்குப் போறோம். நீங்க பாட்டுக்குக் கறி எடுங்க சாமி. நான் ரெண்டு பழம் சாப்பிட்டுக்கிறேன்.”

மறுநாள் கோயில் வாசலில் கூறு கேட்டு வந்த பெரியவரிடம், இந்த வருடம் எனக்கு வேண்டாம் என்றேன்.

“என்னப்பா, நீயும் மாலை போட்டுட்டியா?”

“போட்டது மருமகன்.”

“அப்ப மாமனாருக்கும் சேத்து விரதம்! ஏலே, ஒரு கூறு மிச்சமிருக்கு, யாருக்கு வேணும்?” என்று அவர் சத்தம் போட, எல்லாரும் சிரித்தார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன்.

கறிக்கு நாள் தெரியும். காய்க்கு எது நாள்? அதுவரை நான் கிறிஸ்துமஸுக்கென்று காய் வாங்கியதே இல்லை. அந்த வாரம் வேலைக்குப் போகும் முன் தினமும் உழவர் சந்தைக்குப் போய் விலைப் பலகையைப் பார்த்தேன். பீன்ஸும் முருங்கையும் ஒருநாள் மலிவாக இருந்தன, மறுநாள் ஏறிவிட்டன.

“கேரளாவுக்கும் அன்னிக்குத்தானண்ணே திருநாள்” என்றார் காய்க்காரப் பெண். “குமுளிக்கு லோடு ஏற ஆரம்பிக்கிறதுக்குள்ள வாங்கிருக்கணும். நேத்து வந்து பலகையத்தான பார்த்துட்டுப் போனீக?”

ஏறின விலைக்கே வாங்கினேன்.

கிறிஸ்துமஸ் அன்று மனைவி அடுப்பைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். புதுச் சட்டியில் சாம்பார், அவியல், பாயசம். நடுப்பகலில் மகளும் மருமகனும் ஒரு சீப்பு நேந்திரம்பழத்தோடும் பெரிய கேக்கோடும் வந்து இறங்கினார்கள். சரியாக அந்த நேரம் பக்கத்து வீட்டில் கறிக்குழம்பு கொதித்தது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினேன்.

இலை போட்டாயிற்று. மருமகன் கண்ணை மூடிச் சரணம் சொன்னார். நாங்கள் சிலுவை போட்டுச் செபம் சொன்னோம். பிறகு எங்களுக்காக அவர் காத்திருந்தார், அவருக்காக நாங்கள் காத்திருந்தோம். யாரும் இலையில் கை வைக்கவில்லை.

“சோறு ஆறுது” என்றாள் மகள். “சாயங்காலம் வரைக்கும் இப்படியே ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருக்கப் போறீகளா?”

மருமகன் சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தார். இலை பாதி காலியானபோது என் பக்கம் குனிந்து, “அந்த அவியல் இன்னும் கொஞ்சம் இருக்குமா சாமி?” என்று மெதுவாகக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மனைவி சட்டியோடு வந்து நின்றாள்.