நான் நிறுத்திய பிறகும் கேட்ட பாட்டு

பேய் இருட்டில்தான் வரும் என்று யார் சொன்னது? எனக்கு நடந்தது பட்டப்பகலில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில், ஒரு கூட்டமே பார்த்துக்கொண்டிருக்கும்போது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால் இன்றைக்கும் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

1956. அதுவரை பிறர் பாட்டுக்குப் பின்னால் நின்று "ஊ... ஆ..." பாடிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். முதல்முறையாக என் பெயரில் ஓர் இசைத்தட்டு போட ஒப்புக்கொண்டார்கள். முந்தின வருடம் ஒரு படத்தில் வந்து ஊரையே கிறங்கடித்த காதல் பாட்டு அது. அதற்குள் பத்துப் பேராவது அதைப் பாடித் தட்டு போட்டுவிட்டார்கள்.

"என் வீட்டு நாய்க்கே இந்தப் பாட்டு மனப்பாடம், லோர்னா," என்றார் தயாரிப்பாளர் ஹோபர்ட். "நீ புதுசா என்ன கிழிக்கப்போறேன்னு பாக்குறேன்."

சொதப்பினால் மறுபடி பின்வரிசைதான். அதை அவர் சொல்ல வேண்டியதில்லை.

ஒலிப்பதிவுக்கூடத்தில் பாடுபவர்களுக்கான கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஹெட்போனை மாட்டினேன். மணி மூன்று பத்து. கண்ணாடிக்கு வெளியே வாத்தியக்காரர்கள் கூட்டம்; வயலின்கள் ஆரம்பித்தன. முதல் சரணம் நன்றாகவே வந்தது.

இரண்டாவது சரணத்துக்கு மூச்சை இழுக்கப்போனேன். எனக்கு முன்னால் வேறு யாரோ இழுத்தார்கள்.

ஹ்ஹ்...

வலது காதில். ஹெட்போன் கோளாறு என்று நினைத்துப் பாடினேன். என் குரலுக்கு அடியில் இன்னொரு பெண்குரல்... நூலிழை போல ஒட்டிக்கொண்டு வந்தது.

கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன். ஒலிப்பதிவாளர் வெர்ன் ஒயர்களையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். வேறு ஹெட்போன் கொடுத்தார். மறுபடி முதலிலிருந்து.

அதே இடம். அதே மூச்சு.

இந்த முறை அவள் குரல் என்னுடையதைவிட ஓங்கி ஒலித்தது.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

பாட்டு நிற்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பிரமாதம் என்று வெர்ன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு என் உதட்டைப் பார்த்தார்...

விரல் மெதுவாக இறங்கியது.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன்.

அப்போதும் கேட்டது.

கழுத்துக்குப் பின்னால்.

சூடாக.

எப்படி வெளியே ஓடினேன் என்று தெரியாது. ஹோபர்ட் தெருவரை வந்து கத்தினார். நான் திரும்பவில்லை. தட்டு வெளிவரவில்லை. பின்வரிசைக்கே போனேன்.

எட்டு வருடம் கழித்து ஒரு விருந்தில் டெல்லாவைச் சந்தித்தேன். படம் வந்ததும் அந்தப் பாட்டை முதலில் தட்டு போட்டவள் அவள்தான். நடந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"உனக்கு அவ எந்த இடத்துல வந்து சேந்தா?"

"ரெண்டாவது சரணம்."

"எனக்குக் கடைசி வார்த்தை மட்டும்தான். எனக்கு அடுத்துப் பாடினவளுக்குக் கடைசி வரி."

பாடியவர்களில் பலரை அவள் விசாரித்திருக்கிறாள். ஒவ்வொருவருக்கும் அந்தக் குரல் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே வந்து சேர்ந்ததாம்.

"யாருடி அவ?"

"படத்துல கதாநாயகி வாயைத்தான் அசைச்சா. பாடினது வேற ஒருத்தி. அவ பேரைக் கேட்டுப் பாத்தேன்... ஒருத்தருக்கும் தெரியலை."

அடுத்த மாதம் வெர்ன் போன் செய்தார். ரஸ் என்று ஒரு பாடகர் அன்று காலை அதே பாட்டைப் பாடியிருக்கிறார். ஒரு தடங்கலும் இல்லை. எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள். அவர் கிளம்பிப் போன பிறகு ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டிருக்கிறார் வெர்ன்.

முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை ஒரு பெண்ணின் குரல்.

ரஸ் அதில் எங்கேயுமே இல்லை.