பவளத்தின் 1942ஆம் ஆண்டுத் துவக்கு

பவளம் மெல்பேர்ணில் செயற்கைப் பல் செய்யும் ஆய்வுகூடமொன்றில் வேலை செய்தார். கணவர் மகேந்திரராஜாவுடன் 1972இல் கொழும்பிலிருந்து வந்தவர். வேலையிடத்துத் தோழி ஒருத்தி ஒரு சனிக்கிழமை அவரைத் துவக்குச் சுடும் கழகத்துக்குக் கூட்டிப் போனாள். சும்மா பார்க்கப் போனவருக்கு முதல் வெடியிலேயே அது பிடித்துப்போயிற்று. பிறகு சனிக்கிழமை தவறியதில்லை.

1976இல் சொந்தமாக ஒரு துவக்கு வாங்கினார். 1942இல் படைக்கென்று செய்யப்பட்டது. போருக்குப் பின் யாரோ ஒரு விவசாயி, முயல் சுடப் பாரம் குறையட்டும் என்று முன்பக்க மரத்தைப் பாதியில் அறுத்து, குழலின் மேல்மூடியையும் கழற்றி எறிந்திருந்தார். குழலில் மட்டும் கைவைக்கவில்லை.

கழகத்தில் நவம்பர் மாதம் பழைய படைத் துவக்குகளுக்கென்று ஒரு போட்டி நடக்கும். பவளம் பெயர் கொடுக்கப் போனார். செயலாளர் ரொன் துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படை கொடுத்தபடி இருந்தால்தான் சேர்க்கலாம். இது அப்படி இல்லையே," என்றார்.

"உமக்கு ஏன் இந்தக் கரைச்சல்? முழுசா வேற ஒண்டை வாங்கலாமே," என்றார் மகேந்திரராஜா.

"இதின்ரை குழல் நல்ல குழலப்பா. மரத்தைத்தானே வெட்டிப்போட்டாங்கள். திரும்பப் போட்டுப் பாப்பம்."

படைச் சாமான்கள் விற்கும் ஒரு பழைய கடையில், கிறீஸ் பூசிச் சுற்றிவைத்திருந்த முழுநீள மரமும் மேல்மூடியும் இரும்பு வளையங்களும் கிடைத்தன. கிறீஸைக் கழுவி, ஆளிவிதை எண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் குசினி மேசையில் காயவைத்தார். மகேந்திரராஜா இரண்டு கிழமை மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டார்.

பொருத்தி முடிந்தபோது துவக்கு புதிது போலிருந்தது. ஆனால் கழகத்தில் சுட்டபோது பத்து வெடியும் பத்துத் திசையில் போயின. குழல் தேய்ந்துவிட்டது, விட்டுவிடு என்றார் ரொன்.

திங்கட்கிழமை, கடிக்கும்போது நோகிறது என்று ஒருவர் திருப்பி அனுப்பிய பல்செட் ஒன்று அவர் கைக்கு வந்தது. எந்தப் பல் உயர்ந்து நிற்கிறது என்று பார்க்க, மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவில் நீலக் கடுதாசியை வைத்து அழுத்தினார். உயர்ந்த பல்லில் மட்டும் நீலம் ஒட்டியது; பவளத்துக்குத் துவக்கு நினைவுக்கு வந்தது.

அன்று மாலை இரண்டு கடுதாசிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெடிக்கும்போது துவக்கின் உதையைத் தாங்குகிற இடத்தில், மரத்துக்கும் இரும்புக்கும் இடையே வைத்துத் திருகாணியை இறுக்கி, பிறகு கழற்றிப் பார்த்தார். வலப்பக்கம் கருநீலம். இடப்பக்கம் ஒரு பொட்டும் இல்லை.

"இஞ்சை பாருங்கோ. இது ஒரு பக்கத்தாலைதான் சப்புது. அதுதான் வெடி சிதறுது."

வலப்பக்க மரத்தைத் துளித்துளியாகச் சுரண்டினார். நாலாம் நாள்தான் இரண்டு பக்கமும் ஒரே நீலமாக வந்தது.

போட்டியன்று ரொன் துவக்கை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பெயரைப் பதிந்தார். பவளத்தின் பத்து வெடியில் எட்டு ஒரு சாணுக்குள் விழுந்தன. பத்தொன்பது பேரில் ஏழாவது இடம். ரொன் தானே நடந்துவந்து, குழலைப் பற்றித் தான் சொன்னது பிழை என்று சொல்லிக் கைகொடுத்தார்.

முதல்முறையாகப் பார்க்க வந்திருந்த மகேந்திரராஜா, காரில் ஏறிய பிறகு கேட்டார்:

"வாற சனி நானும் ஒருக்காச் சுட்டுப் பாக்கட்டே?"

"ஓம், வாங்கோ. ஆனா சுட்டாப் பிறகு துடைச்சு வைக்கிறதும் நீங்கள்தான்."