கருப்பனார் மடுவில் கெண்டை

1983 ஏப்ரல் 21, வியாழக்கிழமை. காலையில் மாடு கறந்து, சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்து மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டினேன். பாதிக் காடு நனைவதற்குள் கிணறு வற்றிவிட்டது. மறுபடி ஊறட்டும் என்று மோட்டாரை நிறுத்தி, கம்மஞ்சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு, வழக்கம்போல் ஓடை மடுவைப் பார்க்கப் போனேன்.

மடு ஒரு மாட்டுக் கொட்டகை அளவுக்குச் சுருங்கியிருந்தது. கெண்டைகள் வாயை மேலே நீட்டிக் காற்றுக் குடித்தன. விரால் சேற்றில் கிடந்தாவது பிழைக்கும். கெண்டை பிழைக்காது.

எருமப்பட்டிக்குக் கிழக்கே ஓடும் அந்த ஓடையை நானும் என் பங்காளியும் இன்னும் இருவரும், யாரும் கேட்காமலே, சில வருடங்களாகக் கவனித்து வந்தோம். ஊரில் சிலர், கிணறு வெட்ட வைக்கும் வெடித் தோட்டாவை மடுவில் வெடித்து, குஞ்சு குளுவானோடு மீனை அள்ளிப் போவார்கள். சொல்லிப் பார்த்ததில் சண்டைதான் மிச்சம். கடைசியில், மீனெல்லாம் கருப்பனாருக்கு நேர்ந்து விட்டவை என்று சொல்லி, கரையில் ஒரு வேல் நட்டோம். அதோடு வெடி நின்றது. கரை சரியாமல் இருக்க நொச்சி வைத்தோம். மீன் பெருகியது.

அன்று பங்காளியும் நானும் வலையும் அண்டாவும் எடுத்துப் போனோம். மோட்டாருக்கு எட்டாத அடித்தண்ணீர் என் கிணற்றில் எப்போதும் கிடக்கும்; கெண்டைகளை அதில் விட்டால் மழை வரும்வரை தாங்கும். ஆனால் கரையில் ஊர்க்காரர் பத்துப் பேர் மறித்து நின்றார்கள்.

"நாங்க தூண்டி போட்டப்ப சாமி மீனுன்னீங்க. உங்க கெணத்துக்குப் போறதுன்னா மட்டும் சாமி லீவு உட்டுருச்சுங்களா?" என்றார் ஒருவர்.

"செத்துப் போயிருமுங்க," என்றான் பங்காளி.

"அது சாமி பாடு. நீ ஏன் மாப்ளே அண்டா தூக்கிட்டு வாரே?" என்றார் அவர்.

நேர்ந்து விட்டது பொய் என்று ஒத்துக்கொண்டால் அன்றைக்கே தோட்டா விழும். மெய் என்றால் மீனைத் தொடக்கூடாது.

சாமியிடமே பூக் கேட்கலாம் என்றார் கூட்டத்தில் நின்ற கருப்பனார் கோயில் பூசாரி. வெள்ளை அரளியையும் செவ்வரளியையும் தனித்தனி இலையில் மடித்து வேலின்முன் போட்டார். வெள்ளை வந்தால் மீனை எடுக்கலாம். கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

"உத்தரவில்லீங்க."

"தண்ணி கொண்டாந்து ஊத்தலாமுங்களா?" என்று கேட்டேன்.

பூசாரி யோசித்தார். "ஊத்துங்க. அபிசேகமாட்டந்தானுங்க."

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். "அப்ப மரவள்ளிக்கு?" என்றாள் மனைவி. நான் கொட்டகையில் கிடந்த டிரம்மை வெளியே உருட்டிக் கழுவினேன்.

மறுநாள் விடிந்ததும், மாடு கறப்பதற்கு முன்பே, வண்டியில் டிரம்மை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டி, கிணற்றில் ஊறியிருந்த தண்ணீரை அதில் இறைத்து நிரப்பினேன்.