‘இருக்கட்டுங்க’ என்றார் அந்த அம்மா

போன வருஷம், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சோமனூரில் நடந்தது இது. இதை எழுதும்போதுகூட எனக்குப் பல்லை நறநறவென்று கடிக்கத்தான் தோன்றுகிறது.

நான் கோவையில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவன். வாரமெல்லாம் அடுத்தவனுக்கு உழைத்துவிட்டு, ஞாயிறானால் கேமராவை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுவேன். எடுத்த படங்களை என் பிளாகில் போடுவேன். அதற்கென்றே சொந்தமாக ஒரு புரோகிராமும் எழுதியிருந்தேன். பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் படம் பிளாகிலும் இன்னும் நாலு தளங்களிலும் ஏறிவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமே உண்டு.

அன்றைக்குப் பைக்கில் போகிறேன், பஸ் ஸ்டாப்பில் ஆளுயர ஃபிளெக்ஸ் பேனர். அதில் நான் எடுத்த படம்! மூன்று மாதம் முன்பு அங்கே கன்னத்தில் கைவைத்து, கண் கலங்கி உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவின் படம். மேலே கொட்டை எழுத்தில், ‘என் கணவரின் குடியால் என் வாழ்க்கையே போச்சு’. ஏதோ ஒரு குடி மறுவாழ்வு மையத்தின் விளம்பரம். ஓரத்தில் அச்சடித்த கடையின் விலாசம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பைக்கைப் பூட்டக்கூட இல்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று என் உழைப்பை அள்ளி ஊற்றியிருக்கிறான்! நேரே அந்தக் கடைக்குள் போய்க் கத்தினேன்.

கடைக்காரர் மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை. “ஏனுங்க சத்தம் போடறீங்க? நெட்டுல கெடந்துச்சு, எடுத்துப் போட்டனுங்க.”

“நெட்டுல கெடந்தா உன் சொத்தாய்யா? ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?”

“என்னையக் கேட்டீங்களா கண்ணு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினேன். சுவரோரம் ஸ்டூலில் அதே அம்மா. பேனரை எடுக்கச் சொல்லிக் கடை திறந்ததிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்.

“கேட்டேனேம்மா! படம் எடுத்துக்கட்டுமான்னு கேட்டேன், நீங்க இருக்கட்டும்னு சொன்னீங்க.”

“இருக்கட்டுங்கன்னு சொன்னா வேண்டாம்னு அர்த்தமுங்க. உங்களுக்கு எந்த ஊருங்க?”

நான் பிறந்து வளர்ந்தது இதே கோவையில். விருந்துக்குப் போன வீட்டில் இன்னொரு கரண்டி சோறு வைக்க வந்தால், இலைக்கு மேல் கையை நீட்டி நானும் ‘இருக்கட்டுங்க’ என்றுதான் சொல்கிறேன். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராத ஊர் இது. படம் எடுத்த அன்றைக்கு அந்த முகத்தில் விழுந்த வெளிச்சம் எனக்கு வேண்டியிருந்தது. அதனால் எனக்குத் தோதான அர்த்தத்தை எடுத்துக்கொண்டேன். தெரியாமல் செய்யவில்லை. போதாததற்குப் படத்தின் கீழே ‘துயரம்’ என்று தலைப்பு வேறு!

“பல்லு வலிங்க அன்னைக்கு. ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸுக்கு உக்காந்திருந்தேன். எங்க ஊட்டுக்காரரு பீடி கூடத் தொட்டதில்லீங்க. டீக்கடையில எத்தன நாளா இந்தப் பழக்கம்னு கேக்கறாங்களாம். மூணு நாளா தறிக்குப் போகல, படுத்தே கெடக்கறாரு.”

கடைக்காரர் அப்போதும், “ஆர்டர் குடுத்த பார்ட்டியக் கேக்கோணுமுங்க” என்று இழுத்தார். நான் அவர் மேஜையிலிருந்த கத்தியை எடுத்துக்கொண்டு போய்ப் பேனரின் கயிறுகளை அறுத்துப் போட்டேன். அந்த அம்மா அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அவரோடு வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் என்னை அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பேன். அவரோ, “வாங்க, உக்காருங்க” என்றார். நான் எல்லாவற்றையும் சொல்லி, டீக்கடைக்கே வந்து எல்லோர் முன்னாலும் சொல்கிறேன் என்றேன்.

“அங்க இருக்கறது பத்துப் பேரு. சொல்லிப்போடலாமுங்க. பஸ்ஸுல போனவீங்க எத்தன பேரு? அவீங்ககிட்டயெல்லாம் எப்படிங்க சொல்லுவீங்க?”

டீக்கடையில் சொன்னேன். வீடு திரும்பி, அந்தப் படத்தை நீக்க உட்கார்ந்தேன். என் அருமைப் புரோகிராமுக்கு ஏற்றத்தான் தெரியும். இறக்குவதற்கு ஒரு வரிகூட நான் எழுதியிருக்கவில்லை. ஒவ்வொரு தளமாகப் போய்க் கையால் நீக்கினேன். முன்பின் தெரியாதவர்கள் எடுத்துப் போட்டிருந்தவை அப்படியே நின்றன. பிளாகில் மன்னிப்பும் எழுதினேன்.

அந்தக் கடைக்காரர் மேல் இருந்த கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது. என் மேல் வந்த கோபம்தான் இன்னும் போகவில்லை. ஏனென்றால் அந்த மன்னிப்பை என் பிளாக் படிக்கிறவர்கள் படித்தார்கள். அந்த மூன்று நாளும் பஸ் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு போனவர்களுக்கு அந்த அம்மாவின் கணவர் இன்றைக்கும் குடிகாரர்தான்.