மறுபடி வராத பச்சை

முதல் தடவை அது நன்றாக ஒளிர்ந்தபோது நான் ஆய்வில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை, கீழ்த்தளத்தில் கடைசி அறை. புற ஊதா விளக்குக்குக் கீழே கண்ணாடிக் குப்பியை நீட்டியதும் உள்ளே இருந்த கரைசல் இளம்பயிர்ப் பச்சையில் எரிந்தது. என் வழிகாட்டி அம்மையார் கையைத் தட்டியே விட்டார்.

குவாண்டம் புள்ளிகள் என்று அதற்குப் பெயர். காட்மியமும் டெலூரியமும் சேர்ந்த, கண்ணுக்கே தெரியாத துகள்கள். தண்ணீரில் கொதிக்கக் கொதிக்க வளரும். சின்னதாக இருந்தால் பச்சையாக ஒளிரும், வளர வளர மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும், கரைசலில் எவ்வளவு காரம் இருக்க வேண்டும், இவை மாறினால் ஒளி எப்படி மாறும் என்பதுதான் என் ஆய்வு.

அந்தப் பச்சையை வைத்து ஒரு கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பினோம். அதற்குப் பிறகு அது வரவே இல்லை. அதே மருந்துகள், அதே அளவு, அதே குடுவை. நிறம் ஒருநாள் போல் ஒருநாள் இல்லை, வந்ததெல்லாம் மங்கல்.

மின்வெட்டுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். அப்போது தினமும் பல மணி நேரம் கரண்ட் போகும். பாதிக் கொதியில் அடுப்பு அணைந்து, ஆறி, மறுபடி சூடானால் துகள்கள் ஒரே அளவாக எப்படி வளரும்? வழிகாட்டி மேடத்துக்குக் கொடுத்த அரையாண்டு அறிக்கையில் அப்படியே எழுதினேன். பிறகு ஒரு சிறிய கேஸ் அடுப்பு வாங்கி வைத்தேன். நிறங்கள் ஒழுங்குக்கு வந்தன. அரை மணிக்குப் பச்சை, இரண்டு மணிக்கு மஞ்சள் என்று சொல்லிவைத்தது போல வந்தன. மங்கல் மட்டும் போகவில்லை.

அந்தச் சமயம்தான் அத்தா விடுப்பில் வந்தார். சவூதியில் ஒரு மளிகைக் கடையில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். வேதாரண்யத்தில் எங்கள் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பேசி முடிக்கும் நிலையில் இருந்தது. பையன் ஷார்ஜாவில் வேலை, லீவு முடிவதற்குள் நிக்காஹ் முடித்து என்னையும் அழைத்துப் போக வேண்டும் என்றார்கள். அத்தா பஸ் ஏறி நேராக என் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து, வரிசையாக இருந்த குப்பிகளைப் பார்த்தார்.

"இன்னும் எத்தனை நாளும்மா?"

"தெரியலத்தா."

"தெரியலைன்னா அவங்ககிட்ட நான் என்ன சொல்றது?"

"ஒரு தடவை வந்துச்சு. மறுபடி வரல. ஏன் வரலைன்னு தெரியாம நான் எங்கயும் வரமாட்டேன்."

 சொன்னதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. அத்தா எழுந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்களுக்குப் பதில் சொல்லணும்" என்றார்.

அவர் போனதும் குறிப்பேட்டை எடுத்து, பச்சை ஒளிர்ந்த அந்த ஒரு நாளை வரி வரியாகப் படித்தேன். ஓரத்தில் பொடி எழுத்தில் நானே எழுதியிருந்தேன்: 'மீட்டர் பக்கத்து லேபுக்குப் போயிருக்கிறது. காரம் தாளில் பார்த்தது.'

நிறம் மாறும் சோதனைத் தாளில் நனைத்துக் காரத்தைச் சரிபார்த்த ஒரே நாள் அதுதான். மற்ற நாளெல்லாம் காரம் அளக்கும் மீட்டரை நம்பினேன். ஸ்டோரிலிருந்து, மீட்டரைச் சரிபார்க்க உதவும், காரம் மாறாத கரைசலான பஃபர் புதுப் புட்டி ஒன்றை வாங்கி வந்து மீட்டரை அதில் நிறுத்தினேன். காரம் ஒன்பது என்று புட்டியில் அச்சடித்திருந்தது. மீட்டர் பத்தரை காட்டியது. அதன் முனை பழசாகியிருந்தது. மீட்டரைச் சரிபார்க்க நான் பயன்படுத்திவந்த பழைய பஃபரும் கெட்டுப்போயிருந்தது.

பதினொன்று என்று நான் எழுதி வைத்ததெல்லாம் உண்மையில் பத்தைத் தொடவில்லை. போதிய காரம் இல்லாவிட்டால் துகளைப் போர்த்தும் கந்தகச் சேர்மம் சரியாக ஒட்டாது. துகளின் மேற்பரப்பு அங்கங்கே திறந்து கிடக்கும், வர வேண்டிய ஒளி அந்த இடங்களில் வெப்பமாக மாறி வீணாகிவிடும். மின்வெட்டு நிறத்தைக் கெடுத்தது உண்மை. வெளிச்சத்தைக் கெடுத்தது என் கவனக்குறைவு.

மறுநாள் காலை மேடத்தின் அறைக்குப் போனேன்.

"அறிக்கையில நான் எழுதினது தப்பு, மேடம். மீட்டரை ஒழுங்கா சரிபார்க்காதது நான்தான்."

குறிப்பேட்டை வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப இத்தனை மாசத்து அளவும் போச்சு."

"ஆமா மேடம்."

"ஒரே ஒரு தடவை வந்ததை வச்சு கருத்தரங்குக்கு அனுப்பினதையும் வாபஸ் வாங்கணும். எல்லாத்தையும் முதல்லேர்ந்து செய்யணும். முடியுமா?"

"செய்றேன் மேடம்."

வியாழக்கிழமை அத்தாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். காரணம் கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் இனிமேல்தான் வேலையே ஆரம்பம், ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவரே கூப்பிட்டார்.

"அவங்களால காத்திருக்க முடியாதாம். நானும் சரின்னுட்டேன்."

"கோவமாத்தா?"

"வருத்தந்தான். நீ வேலையப் பாரு."

அம்மா இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை.

வாரத்தில் ஆறு நாள் கூடத்தைத் திறந்தேன். ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றினேன். முதலில் காரம், அடுத்து கொதிக்கும் நேரம், அப்புறம் காட்மியத்துக்கும் போர்வைச் சேர்மத்துக்குமான விகிதம். எதையும் மூன்று தடவை செய்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் பேனாவால் எழுதினேன், அதுவரை பென்சில்தான். சில வாரங்கள் பென்சிலிலேயே போயின. கையுறையோடு வேர்த்து விரலிடுக்கெல்லாம் புண்ணானது. கார அளவை மீட்டரிலும் தாளிலும் பார்த்தபின் மூன்று குப்பிகளும் ஒரே பச்சையில், ஒரே வெளிச்சத்தில் நின்ற அன்று யாரையும் கூப்பிடவில்லை. குடுவையைக் கழுவி அடுத்ததற்குத் தயார் செய்தேன்.

அந்த முடிவுகளை எழுதிய கட்டுரை ஒரு சின்ன இதழில்தான் வந்தது. ஆனால் அதைப் படித்துவிட்டு, கொரியாவில் டிவி திரைகளுக்கான குவாண்டம் புள்ளிகளைச் செய்யும் ஒரு ஆய்வுக்குழுவிலிருந்து கடிதம் வந்தது. பட்டம் வாங்கிய கையோடு அங்கேயே வேலையும் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் வளைகுடா தவிர வேறெங்கும் யாரும் போனதில்லை. அம்மா உலக வரைபடத்தில் அந்த ஊரைக் காட்டச் சொன்னார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "சுத்தி கடலாத்தானே இருக்கு, மீன் கிடைக்குமில்ல?" என்று கேட்டார்.

"கிடைக்கும்மா" என்றேன்.

"அப்ப போயிட்டு வா."