செல்வராஜ் அண்ணன் படையலில் குவார்ட்டர் வைக்க வேண்டாம்

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்... எனக்குத் தூக்கம் வரவில்லை.

செல்வராஜ் அண்ணன் இறந்துவிட்டார். விழுப்புரத்தில் நான் டிசைன் வேலை பார்த்த பிளக்ஸ் கடையில் மெஷின் ஓட்டியவர். திண்டிவனத்துக்காரர். தூக்கத்திலேயே மாரடைப்பு. போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது, எனக்கு இன்று சாயங்காலம்தான் தெரியும்.

தெரியவந்த விதம்தான் இன்னும் கொடுமை. கடையின் பழைய ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பை ரொம்ப நாள் கழித்துத் திறந்தேன். ஒருவர் கைகூப்பிய எமோஜி போட்டு, அதற்குக் கீழேயே "குடிச்ச ஒடம்பு, எவ்ளோ நாளு தாங்கும்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு லைக் வேறு.

அண்ணன் குடியை விட்டு ஆறு வருஷம். ஆறு வருஷத்தில் ஒரு சொட்டு கிடையாது.

அவருக்கு பைபோலார் இருந்தது. சில வாரம் மனசு தறிகெட்டு ஏறும், தூக்கமே இருக்காது. சில வாரம் எழுந்து பல் துலக்கக்கூட முடியாது. இதையெல்லாம் எழுதலாமா என்று அண்ணியிடம் போனில் கேட்டேன். "எழுதும்மா. குடிகாரன்னு பேரு வாங்கறதவிட இது ஒண்ணும் கேவலம் கெடையாது" என்றார்.

மாத்திரையால் அவருக்குக் கை நடுங்கும். ஓயாமல் தாகம் எடுக்கும், அதனால் எந்நேரமும் கையில் ஒரு தண்ணீர் பாட்டில். நடுங்கும் கை, கையில் பாட்டில்... போதாதா நம் ஆட்களுக்கு?

ஓனர் தினமும் காலையில் அந்த பாட்டிலைத் திறந்து மோந்து பார்ப்பார். வெறும் தண்ணீர்தான் என்று தெரிந்தும் பார்ப்பார். கொஞ்ச நாளில் அண்ணனே வந்ததும் அதை ஓனர் மேஜையில் வைத்துவிடுவார். "ஜல்தியா மோந்துட்டுக் குடுங்க சார், தாகமா கீது."

எல்லோரும் சிரிப்போம். சேர்ந்த புதிதில் ஒருநாள் நானும் மோந்திருக்கிறேன். அதை அவர் பார்த்துவிட்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

கண்டாச்சிபுரத்திலிருந்து கோயில் பேனருக்கு வந்த ஒருவர், அண்ணன் கையைப் பார்த்துவிட்டு, காலையிலேயே மப்பா என்று ஓனரிடம் கேட்டார். ஓனர் இளித்தார். அண்ணன் மெஷினிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஆமா சார். டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு, ராவைக்கு ரெண்டு."

போன வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம் எனக்கு போன் செய்தார். நான் அப்போது வேலையை விட்டிருந்தேன், பாப்பாவுக்கு எட்டு மாதம். குரலிலேயே ஏற்றம் தெரிந்தது. தனியாக மூன்று கடை போடப்போவதாகப் படபடவென்று பேசினார். திடீரென்று நிறுத்தினார்.

"எதுத்தாப்புல ஒயின் ஷாப்புமா. பஸ் வர்ற வரைக்கும் எதனா பேசிக்கினே இரு."

என்ன பேசுவது? பாப்பா கேப்பைக் கூழைத் துப்புகிறாள், பல் முளைக்கவில்லை, எடை ஏறவில்லை என்று என் பயங்களையெல்லாம் கொட்டினேன். அவர் உம், உம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். இருபது நிமிஷம். பிறகு கண்டக்டர் சத்தம் கேட்டது.

"ஏறிட்டேன்மா. சீட்டு கெடைச்சிருச்சு. நீ புள்ளையப் பாரு."

மனசு இறங்கிக் கிடக்கும்போது ஒயின் ஷாப்புக்குப் போகவே தெம்பிருக்காது, ஏறும்போதுதான் பயம் என்பார். அப்படி எத்தனை பஸ் ஸ்டாப்பில் நின்றிருப்பார்...

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காரியம். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படையல் போடும் வழக்கம்தான், தெரியுமே. இலையில் பிரியாணியோடு ஒரு குவார்ட்டர் பாட்டிலும் வைக்கப்போகிறார்களாம். அண்ணனுடைய அண்ணன், வீட்டுக்குப் பெரியவர், முடிவு செய்துவிட்டார்.

அவரிடமும் பேசினேன். கோபமாகப் பேசவில்லை அவர், அழுதுகொண்டுதான் சொன்னார். "என் தம்பிக்கு இன்னா புடிக்கும்னு எனக்குத் தெரியாதாம்மா? ஆறு வருஷமா ஆசைய அடக்கிக்கினே போயிட்டான். இப்பவாவது குடிக்கட்டும்."

அந்த மனுஷன் ஒவ்வொரு நாளும் போராடி வைத்திருந்த ஆறு வருஷத்தை, செத்த பிறகு சொந்த வீட்டிலேயே ஊற்றிக் கெடுப்பார்களா? பாசமாம். என்ன பாசம் இது?

அண்ணி சொல்லிப் பார்த்துவிட்டார், எடுபடவில்லை. பத்தாவது படிக்கும் மகள் போனை வாங்கி என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். "அக்கா, அந்த எலைக்கு முன்னாடி நான் வுழுந்து கும்புடணுமாம். பாட்டிலுக்கா?"

நான் ஒருத்தி போனால் அந்த வீட்டில் கேட்கமாட்டார்கள். இதைப் படிக்கும் பழைய கடை ஆட்கள் நாலைந்து பேர், முக்கியமாக ஆண்கள், வந்து நின்று "அவர் குடி வேண்டாம் என்றுதான் இருந்தார், நாங்கள் தினமும் பார்த்தோம்" என்று சொன்னால் பெரியவர் கேட்பார். கெட்டவர் இல்லை அவர்.

செல்வராஜ் அண்ணா, போய் வாருங்கள். அன்றைக்கு மோந்து பார்த்ததற்கு மன்னித்துவிடுங்கள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பாப்பாவோடு நிற்பேன். யார் யார் வருகிறீர்கள்? நாளை மதியத்துக்குள் பதில் போடுங்கள்.